நீர்வேலிக் காட்டில் ஒரு பறக்கும் உதை

தமிழ்ச் சினிமாவின் சண்டை வரலாறு எங்கள் ஜெயதீபனின் பறக்கும் உதையோடுதான் தொடங்குகிறது. அவனே சொன்னான்.

எங்கள் படத்தில் வரும் காடு, நீர்வேலியில் ஏரம்பு அண்ணையின் வாழைத்தோட்டம். கராத்தேயில் கறுப்புப் பட்டி வாங்கிய தாரிகாவைக் கடத்தப்பட்ட பெண்ணாக்கி வாழையில் கட்டியிருந்தோம். கல்லூரிப் போட்டிக்கு அன்று மாலையே படம் போகவேண்டும். மிச்சம், உதை மட்டும்.

“டூப் போடுறவனெல்லாம் ஒரு ஹீரோவே?” என்று ஜெயதீபன் சிவப்பு ஜாக்கெட்டை இழுத்துவிட்டான்.

“தம்பியவை, என்ரை இறைப்பு முறை வந்திட்டுது. இப்ப விட்டால் பங்குக் கிணறு பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிடும்,” என்று ஏரம்பு அண்ணை மோட்டரைப் போட்டார்.

தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து வந்தது. நான் கமராவைத் தூக்கிப் பிடித்தேன். ஜெயதீபன் ஓடினான், கத்தினான், பறந்தான். வில்லன் லெனாட்டுக்கு எட்டாமல் சேற்றில் விழுந்தான். மறுபடி பறந்து ஒரு வாழையைக் கட்டிப்பிடித்தான். காடு குளமாகிக்கொண்டிருந்தது.

“உது ஒரு உதையே?” என்றாள் தாரிகா.

கயிற்றை உதறிவிட்டு வந்து எகிறினாள். லெனாட் வாய்க்காலுக்குள் கிடந்தான்.

“ஐயோ, கமரா ஓடேல்லையடி!” என்று கத்தினேன். “திரும்ப உதை! முதுகுப் பக்கத்தாலை எடுக்கிறன்!”

ஜெயதீபன் யாரையும் பார்க்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவளுடைய சால்வையை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, வாழையடிக்குப் போய், கயிற்றைத் தானே சுற்றிக்கொண்டான்.