கோமு வைத்த செடி

மலேரியா ஆள் சந்தியாகு எண்ணெய் டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கக் கதவைத் தட்டியபோது, நான் அண்டாவில் செத்துக் கிடந்த பூச்சிகளை வழித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நிற்காமல் என்ன செய்வான்? அண்டா, துவைக்கிற வாளி, சிமெண்டுத் தொட்டி, கோமுவைக் கைக்குழந்தையில் குளிப்பாட்டிய தகரத் தொட்டி, விரிசல் விட்ட பீங்கான் ஜாடி என்று இருந்த பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர். தண்ணீர் என்று சொல்கிறேனே தவிர, ஒரு சொட்டு கண்ணுக்குத் தெரியாது. மேலே பச்சைப் பசேலென்று ஆகாயத்தாமரை, ஒன்றை ஒன்று நெட்டிக்கொண்டு நின்றது.

"என்னாக்கா இது, ஏரியத் தூக்கியாந்து வூட்ல வெச்சிகினு இருக்கீங்க" என்றான்.

"என் வூடா இது? வேல செய்ற வூடு. கேக்கறத அந்தம்மாவக் கேளு."

அவன் ஒரு செடியைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தான். தாடி மாதிரி தொங்கிய வேரில் சின்னச் சின்னப் புழுக்கள் ஒட்டியிருந்தன. இந்தக் கொசுவின் புழு வேரைத் துளைத்து மூச்சு விடுமாம், மேலே எண்ணெய் ஊற்றினாலும் சாகாதாம், யானைக்கால் இதனால்தான் வருகிறதாம். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கால் வீங்கியிருக்கிறதென்று அவன் அம்மா ஆபீசில் போய் அழுதுவிட்டாளாம். "வெள்ளிக்கெழம இன்ஸ்பெக்டரு வராரு. எல்லாத்தையும் கொட்டிடச் சொல்லுக்கா."

"நீ சொல்லேன், வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க?"

வள்ளியம்மாள் நடையில் வந்து நின்றதைப் பார்த்ததும் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த பிளாக்கில் யாருக்கும் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற தைரியம் இல்லை. முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு மட்டும் குறைவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எல்லாம் ஒரே ஒரு செடியில் ஆரம்பித்தது. அந்தம்மாவின் புருசன் பரமசிவம் ஐயா, நெய்வேலியில் புதிதாக ஓட ஆரம்பித்த யூரியா ஆலையில் எஞ்சினீயர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். ஒரே பெண், கோமு. அந்தப் பெண் ஆசைப்பட்டதென்று ஒர்க்‌ஷாப்பில் இரும்புச் சட்டம் பற்றவைத்து, கண்ணாடி பதித்து, ஒரு மீன் தொட்டி செய்து கூடத்தில் வைத்தார். மெட்ராசிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு சிவப்பு மீன் வந்தது. மீனுக்கு வெயில் படுகிறதே, நிழல் வேண்டாமா என்று கோமு கேட்டதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து வாய்க்காலுக்குக் கூட்டிப் போனார்.

வாய்க்கால் என்றால் வயலுக்குப் பாய்கிற வாய்க்கால் இல்லை. நிலக்கரிக்கு அடியில் இருக்கிற தண்ணீரை ராப்பகலாக இறைத்துத் தள்ளாவிட்டால் மைன்ஸே முழுகிப் போகும். அப்படி இறைத்த தண்ணீர் வெதுவெதுவென்று ஆறு மாதிரி ஓடும். அதன் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒரு ஆகாயத்தாமரையை டம்ளரில் எடுத்துவந்து, கோமு தன் கையாலேயே தொட்டியில் விட்டாள். அது நூல் மாதிரி ஒரு கொடி விட்டது, கொடி நுனியில் ஒரு குட்டி, குட்டி பெரிதாகி அது ஒரு கொடி விட்டது. வாராவாரம் நான் இரண்டு கை அள்ளிக் குப்பையில் போடுவேன். கோமு அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போய் பிளாக்கில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பாள்.

இதைவிடப் பெரிய செடி வேண்டும் என்று ஒரு நாள் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டதும் தனியாகப் போயிருக்கிறாள். டம்ளர் கரையிலேயே இருந்தது. பிள்ளையை மதகுக் கம்பியில் எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்கு வந்து, தொட்டி மூடிக் கிடக்கிறதே என்று எப்போதும்போல ஒரு கை அள்ளினேன். வள்ளியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதுல எது கோமு வெச்சது?"

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"அப்போ எதையும் எடுக்காத."

அன்றிலிருந்து இலை ஒன்றுகூட வெளியே போகவில்லை. தொட்டி நிறைந்தால் வாளி, வாளி நிறைந்தால் அண்டா. அரிசி கொட்டி வைக்கிற பானைக்கும் இதே கதி, அரிசிதான் ரேஷனில் ஒழுங்காகக் கிடைக்கவில்லையே, பானை எதற்கு என்றாள். கொசு பிடுங்கி எடுக்கும். எனக்குக் கோபம் கோபமாக வரும். எனக்கும் இரண்டு பிள்ளை போயிருக்கிறது. ஒன்று பிறந்த அன்றைக்கே, இன்னொன்று அம்மை போட்டு. அடுத்த வாரமே களையெடுக்கப் போனேன், போகாவிட்டால் சோறு ஏது. என் பிள்ளை தொட்ட பொருள் என்று ஒரு கிலுகிலுப்பைகூட என்னிடம் இல்லை. இந்தம்மாவுக்கு வீடு நிறைய இருக்கிறது. பொறாமையாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன. ஆனால் அந்த மணிக்கட்டைப் பிடித்த பிடியை நினைத்தால் கோபம் எங்கேயோ போய்விடும்.

சந்தியாகு சொல்லிப் போனதை அன்று ஐயாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். "வள்ளி, கண்ணாடித் தொட்டியில ஒண்ண வெச்சுக்குவோம். மீன் இருக்கு, புழுவத் தின்னுடும். மத்ததெல்லாம் போகட்டும்."

"எத வெச்சுக்க?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க. எதுன்னு காட்டுங்க, அத வெச்சுக்கறேன்."

அவர் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு ஆலைக்கே போய்விட்டார். ஷிப்ட் இல்லாத நேரத்திலும் அவர் அங்கேதான் கிடந்தார், பாவம். வீட்டுக்கு வந்தால் இப்படித்தானே கேள்வி வரும்.

மறுநாள் காலையில் வள்ளியம்மாள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரமாக இழுத்து வைத்து ஒவ்வொரு செடியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே மாதிரி. பார்த்ததையே மறுபடி எடுத்துப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. உச்சி வெயில் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அண்டாவுக்குள் கைவிட்டு, கைக்கு வந்த ஒன்றைத் தூக்கினேன்.

"இதாம்மா அது."

"எப்படித் தெரியும்?"

"பாப்பா தொட்டில வுட்டப்போ நாந்தான் பக்கத்துல தொடச்சிகினு நின்னேன். எல ஓரத்துல பூச்சி கடிச்சாப்பல ஒரு வெட்டு இருந்திச்சி. தோ பாருங்க."

வெட்டு இருந்தது. எந்தச் செடியைத் தூக்கினாலும் ஒரு வெட்டு இருந்திருக்கும். அவள் செடியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில் விட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே சந்தியாகுவைக் கூப்பிட்டு, கொல்லையில் குழி வெட்டி, மிச்சத்தையெல்லாம் கொட்டி, எண்ணெய் ஊற்றி மண்ணைத் தள்ளினோம். இன்ஸ்பெக்டர் வந்தார், தொட்டியைப் பார்த்தார், நல்ல மீன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தச் செடி தனியாக இருக்க மாட்டேன் என்றது. புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, கொடியும் விடவில்லை, குட்டியும் போடவில்லை. ஓரம் மஞ்சளாகி வந்தது. ஒவ்வொரு இலை மஞ்சளாகும்போதும் வள்ளியம்மாள் ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினாள். கடைசியில் டாக்டர் தூங்குவதற்கு மாத்திரை கொடுக்கிற அளவுக்குப் போயிற்று.

ஒரு நாள் ஐயா ஆலையிலிருந்து வரும்போது காகிதத்தில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக உருண்டை. "ஊர்ல இருக்கற வயலுக்கெல்லாம் நாங்க செஞ்சு அனுப்பறது இது. இந்த ஒத்தச் செடிக்கு இல்லாமலா போகும்" என்று சொல்லி ஒரு கைப்பிடி அள்ளித் தொட்டியில் போட்டு, கரண்டியால் கலக்கினார். கோமு போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வள்ளியம்மாளும் பக்கத்தில் வந்து நின்றாள். புருசன் பெண்டாட்டி சேர்ந்து நின்று ஒரு பொருளைப் பார்க்கிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

மறுநாள் தண்ணீர் அரிசி கழுவினாற்போல ஆயிற்று. மருந்து வேலை செய்கிறது என்றார் ஐயா. அதற்கு அடுத்த நாள் காலை நான் கதவைத் திறக்கும்போதே மூக்கை அறுக்கிற வாடை. இரண்டு மீனும் வயிறு மேலாகக் கிடந்தது. செடி வெந்த கீரை மாதிரி குழைந்து கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஐயா பனியனோடு தொட்டி முன்னால் குந்தியிருந்தார். உள்ளே அம்மா மாத்திரைத் தூக்கத்தில்.

"அம்சவல்லி" என்றார். "வேற ஒண்ணு வேணும். அவ எழுந்திரிக்கறதுக்குள்ள."

வேறு ஒன்று எங்கே இருக்கிறது? இருந்ததையெல்லாம் எண்ணெய் ஊற்றிப் புதைத்தாயிற்று. பிள்ளைகளுக்குக் கோமு கொடுத்ததையெல்லாம் அவரவர் வீட்டில் எப்போதோ வீசிவிட்டார்கள். மந்தாரக்குப்பத்துக் குட்டைக்குப் போய்த் திரும்பினால் வெயில் ஏறிவிடும். பக்கத்தில் இருந்தது ஒரு இடம்தான். நான் வேறெதையும் நினைக்கவில்லை, ஓடினேன். ஓரத்தில் இறங்கி, அதே அளவில் ஒன்றைப் பார்த்து எடுத்து, இலை ஓரத்தில் நகத்தால் ஒரு வெட்டு வைத்து, முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் ஐயா தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தார். செடியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தேன், வள்ளியம்மாள் எழுந்து வந்தாள்.

"மீன் எங்க?"

"செத்துப் போச்சுங்கம்மா."

"இது?"

"இது அதேதான் வள்ளி" என்றார் ஐயா.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் புடவையைப் பார்த்தாள். முழங்கால் வரை நனைந்து, சாம்பல் நிறத்தில் சேறு அப்பியிருந்தது. அப்படிப்பட்ட சேறு நெய்வேலியில் ஒரே இடத்தில்தான் உண்டு.

"வாய்க்காலுக்கா போன?"

பொய் சொல்ல எனக்குத் தெரியும். மாட்டிக்கொள்ளாமல் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நாக்கு எழவில்லை. "ஆமாங்கம்மா."

"அன்னைக்குச் சொன்னதும் பொய்தான?"

"ஆமாங்கம்மா."

"தெரியும்." சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். "அவ வெச்ச செடியில அந்த எல இன்னுமா இருக்கும்? எப்பவோ உதிர்ந்திருக்கும். இதுதான்னு யாராவது ஒருத்தர் சொல்லமாட்டாங்களான்னு இருந்துச்சு. இவரு சொல்லல. நீ சொன்ன."

ஐயா சுவரோரமாக உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் எதையாவது செய்ய வேண்டுமே என்று துடைப்பத்தை எடுத்தேன், எதைப் பெருக்குவது என்று தெரியவில்லை. வள்ளியம்மாள் தொட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளங்கையைச் செடியின் நடுவில் வைத்தாள். அமுக்கினாள். வேர் மடங்கி, குமிழி குமிழியாகக் காற்று வந்தது. வளையல் நனைகிற மட்டும் கையை விட்டு, செடியைத் தொட்டியின் அடிக் கண்ணாடியோடு வைத்துப் பிடித்திருந்தாள். அது திமிறுவது வெளியே தெரிந்தது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு கையை எடுத்தாள். செடி நேராக மேலே வந்தது. ஒரு தரம் புரண்டு, நிமிர்ந்து, விரிந்து நின்றது. இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டவில்லை.

அவள் விரலால் இலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடி அமுக்கினாள்.