அக்காவிடம் பேசிய பேச்சு

1

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. இது ஒட்டுக்கேட்ட கதை. ஒட்டுக்கேட்டவரும் எழுதுகிறவரும் ஒரே ஆள்தான். ‘நான்’ என்று போட்டுக்கொள்ளலாம். போட்டால், எந்த ஊர் ‘நான்’ என்று யாராவது கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல இப்போது தெம்பில்லை. எழுதுகிறவர் என்றே இருக்கட்டும்.

எழுதுகிறவரின் நாவலை ஒலிப்புத்தகம் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாசிக்கிற அம்மா. ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவர் குரலம்மா. இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், பக்கத்தில் கால் ஆடுகிற நாற்காலியில் எழுதுகிறவர். நாவலில் ஒரு சமையல்காரி வருகிறாள். வாயைத் திறந்தாலே வட்டாரப் பேச்சு. அதை எழுதுகிறவர் எங்கே பிடித்தார் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் கொஞ்சம், சினிமாவில் கொஞ்சம், மீதி கைச்சரக்கு.

குரலம்மா அவளைச் செய்தி வாசிக்கிறவள் மாதிரி சுத்தமாக வாசித்தார்.

“கொஞ்சம் இழுத்துப் பேசுங்கம்மா. அவ அந்தப் பக்கத்துப் பொம்பளை,” என்றார் எழுதுகிறவர்.

“எனக்கு அந்தப் பேச்சு வராது சார்.”

“சும்மா முயற்சி பண்ணிப் பாருங்க.”

“வராததை வரவச்சா கேலி பண்ற மாதிரி ஆயிடும். வேணாம் சார்.”

2

‘குரலம்மாவின் கண்களில் சொல்லத் தெரியாத ஒரு சோகம்’ [அடித்தாயிற்று. கண்ணாடித் தடுப்பில் விளக்கு பட்டுக் கண்ணே தெரியவில்லை.]

இடைவேளை விட்டார்கள். குரலம்மா உள்ளேயே உட்கார்ந்து போனை எடுத்தார். பதிவை நிறுத்த ஒலிப்பதிவாளர் மறந்துவிட்டார். பழி போட வேண்டாம். காலையிலிருந்து சமையல்காரியோடு மாரடித்து அந்த மனிதரும் அசந்துபோயிருந்தார். எழுதுகிறவர் கை சும்மா இருக்குமா? கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

குரலம்மா தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். வராது என்றாரே, அதே பேச்சில்.

“அக்கா, [                    ]”

அடைப்புக்குறியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறவர் காதில் இருக்கிறது. ஏன் எழுதவில்லை என்பது பின்னால் வரும். பொருளை மட்டும் பொதுப் பேச்சில் தருகிறார்:

“அக்கா, ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. நீ கண்டிப்பா வா. என் பக்கத்துலேயே உட்காரு. ஆனா அவங்க முன்னாடி வாயைத் திறக்காதே. உன் பேச்சைக் கேட்டா நாம எங்கேருந்து வந்தோம்னு தெரிஞ்சிடும். பொண்ணு வாழ்க்கை, அக்கா. உன் கால்ல விழறேன்.”*

அக்கா என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. “அக்கா? இருக்கியா?” என்று குரலம்மா திரும்பத் திரும்பக் கேட்டதுதான் கேட்டது.

* அந்தப் பேச்சிலேயே, அந்தப் பேச்சைப் பேசாதே என்கிறார். இது கற்பனையாக இருந்திருந்தால், செயற்கை என்று எழுதுகிறவரே அடித்திருப்பார்.

3

“சார், அவங்க போன் பேசினது பதிவாயிடுச்சு,” என்றார் ஒலிப்பதிவாளர். “வச்சுக்கவா, அழிச்சிடவா?”

எழுதுகிறவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பொய் சொல்வானேன். அதை நாலு தடவை போட்டுக் கேட்டால் போதும், அடுத்த பதிப்பில் சமையல்காரி எழுந்து உட்கார்ந்து பேசுவாள். மண்ணின் மணம் என்பார்கள். ஆனால், சொந்த அக்கா வாயிலேயே குரலம்மா பூட்டச் சொன்ன பேச்சு அது. அதை இவர் கடைத்தெருவில் கூவி விற்பதா?

முடிவு அ: அழிக்கச் சொல்லிவிட்டு யோக்கியராக வீட்டுக்குப் போகிறார். [யார் நம்புவார்கள்?]

முடிவு ஆ: வைத்துக்கொள்கிறார். நாவல் பரிசு வாங்குகிறது. ஒருநாள் குரலம்மாவின் சம்பந்தி அதைக் கேட்டு... [அடித்தாயிற்று.]

நடந்தது வேறு. எழுதுகிறவர் உள்ளே போய், போன் பேச்சு பதிவானதைச் சொல்லிவிட்டார். குரலம்மா திட்டவில்லை. “போடுங்க, கேக்கறேன்,” என்றார். கேட்கக் கேட்க அவர் முகம் சிறுத்துப்போயிற்று.

“எங்க அக்கா மாதிரியே பேசறேன்,” என்றார். ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே, “அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. எனக்குப் பேசக் கத்துக்கொடுத்ததே அக்காதான். அவளைப் போய் வாயைத் திறக்காதேன்னுட்டேன்.”

எழுதுகிறவர், அழித்துவிடட்டுமா என்று கேட்டார்.

“அழிச்சிடுங்க. கதை எழுதினா எழுதிக்கங்க சார், நீங்க விடமாட்டீங்க. அந்தப் பேச்சு மட்டும் வேணாம்.”

4

அப்புறம் குரலம்மா, அக்காவைக் கூப்பிட மறுபடி போனை எடுத்தார். எழுதுகிறவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். பதிவு நின்றிருக்கிறதா என்று இந்த முறை தானே பார்த்தார். ஆகவே இதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. இட்டுக்கட்டலாம், வயிற்றுப்பாடே அதுதான், ஆனால் அலுத்துவிட்டது.

உங்கள் வீட்டிலும், வெளியாள் வந்ததும் உள்ளே போய் ஒளிந்துகொள்கிற பேச்சு ஒன்று இருக்குமே, கீழே உள்ள அடைப்புக்குறியை அதில் நிரப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வாயைத் திறக்கலாமா, கூடாதா என்பதும் உங்கள் பாடு.

மணி அடித்தது. அக்கா எடுத்துவிட்டார். பேசுங்கள்.

“அக்கா, [                    ]”