எட்டு அங்குல சப்வூஃபரின் இரண்டு எண்கள்

1

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நல்லம்பள்ளியில் எங்கள் கடை வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் அந்தக் கடையை நடத்துகிற என் மருமகள் தேன்மொழி. மொரப்பூரிலிருந்து வந்திருந்த என் பங்காளி மாயவன். அவன் மகன் அருள்குமார், கார் அவனுடையது. பக்கத்து டீக்கடை லூர்துமேரி. ஐந்தாவது ஆள் காளியப்பன் ஆகிய நான். என் மகன் கோகுல்ராஜ் ஓசூரில் வேலையில் இருந்தான். அவனை இதில் யாரும் இழுக்க வேண்டாம்.

கதையை இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பத்திரம் எழுதுவதுபோல இருக்கிறது. ஆனாலும் இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வாயால் சொல்ல முடியாத ஒன்றை, கதை என்று பேர் வைத்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதமாகிறது. இது ஏழாவது தொடக்கம். எனக்கு அலுத்துவிட்டது.

2

கைவிட்டவற்றில் மூன்றை அப்படியே தருகிறேன்.

‘இந்தத் தொழிலை ஒரு பெண் செய்வது எங்கள் பக்கத்தில்’ — (நிறுத்திவிட்டேன். நடந்ததற்கும் அவள் பெண் என்பதற்கும் சம்பந்தமில்லை.)

‘வெயில் அன்று கடுமை. செம்புக் கம்பி வெயிலில்’ — (வெயில்மேல் பழி போடப் பார்த்திருக்கிறேன்.)

‘ஓர் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். நேர்மையானவர். ஆனால்’ — (இந்தப் பெரியவர்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. நேர்மையானவர் என்று அவரைச் சொன்னது யார்? நான்தான்.)

3

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சப்வூஃபர் என்பது பாட்டின் அடியில் கேட்கும் ‘தும்’மை மட்டும் தருகிற ஸ்பீக்கர். அருள்குமாருடையது சின்னக் கார் என்பதால், இருக்கைக்கு அடியில் அடங்குகிற எட்டு அங்குல சப்வூஃபரைத் தேன்மொழி எடுத்திருந்தாள். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ‘800 வாட்ஸ் மேக்ஸ்’. ஸ்பீக்கரின் பின்புறம், காந்தத்தில் ஒட்டிய சீட்டில், பொடி எழுத்தில் ‘120 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்.’ இரண்டையும் எழுதியது ஒரே கம்பெனிதான்.

டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதில் கெயின் என்று ஒரு சிறு திருகு. பாட்டை எவ்வளவு கூட்டினாலும் ஸ்பீக்கருக்கு நூற்றிருபதுக்கு மேல் போகாதபடி, மீட்டர் வைத்துப் பார்த்து, அந்தத் திருகைத் தேன்மொழி நிறுத்துவாள். நிறுத்திய இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுவாள்.*

* பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் எரிக்கும் என்றில்லை. சின்னதை அதன் சக்திக்கு மேல் கத்தவிட்டாலும் ஒலி சிதைந்து, ஸ்பீக்கரின் காயில் என்கிற கம்பிச்சுருள் சூடேறிக் கருகும் என்று தேன்மொழி சொன்னாள். நான் அதைக் கேட்டது, எல்லாம் முடிந்த பிறகு.

4

மாயவனும் நானும் ஒரே தாத்தாவின் பேரன்கள். நிலம் பிரிந்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: பங்காளி முன்னால் எந்த எண்ணையும் குறைத்துச் சொல்வதில்லை. கிணற்றின் ஆழம், இறக்கிய தக்காளிப் பெட்டி, பிள்ளைகளின் மார்க், எதுவானாலும் கொஞ்சம் கூட்டித்தான். அவன் கூட்டுவது எனக்குத் தெரியும், நான் கூட்டுவது அவனுக்குத் தெரியும். அதனால் யாருக்கும் கேடு வந்ததில்லை.

(இப்போது தோன்றுகிறது: அட்டைப்பெட்டியில் இருப்பது பங்காளியிடம் சொல்கிற எண். காந்தத்தின் பின்னால் இருப்பது வீட்டுக்குள் பேசுகிற எண். அன்று தோன்றவில்லை.)

“அண்ணி, இன்னுங் கொஞ்சம் தும்முன்னு வெக்கக் கூடாதா?” என்றான், பொருத்தியதை ஒருமுறை பாடவிட்டுக் கேட்ட அருள்குமார்.

“இதுக்கு மேல வேணாங்க தம்பி. நூத்திருவதுதான் தாங்கும்” என்றாள் தேன்மொழி.

மாயவன் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் படித்தான். “எட்டுநூறுன்னு போட்டிருக்குதே. ஏம்மா, ஊருக்கு எட்டுநூறு, பங்காளிக்கு நூத்திருவதா?”

“ஒரு ஆளு நூறு கிலோ மூட்டைய ஒரு மூச்சு தூக்கிருவாங்க சின்ன மாமா. அதுக்குன்னு சாயந்தரம் வரைக்கும் தூக்கிட்டே நிக்க முடியுங்களா? மேக்ஸுங்கறது அந்த ஒரு மூச்சுதான். நின்னு தாங்கறது ஆர்.எம்.எஸ்.சுங்க.”

“அதென்னமோ போ.” அவன் என் பக்கம் திரும்பினான். “ஏண்ணா, உங்க வூட்ல எல்லாமே அட்டையில ஒண்ணு, உள்ளார ஒண்ணுதானா?”

டீ கொண்டுவந்த லூர்துமேரி இடையில் புகுந்தாள். “இதுக்கே எங்க கடை பன்னு டப்பா ஆடுதுங்க. எட்டுநூறு வெச்சா பன்னு நடந்தே உங்க கைக்கு வந்துரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஸ்பீக்கருக்கு மாட்ட வேண்டிய வலைமூடியை எடுக்கத் தேன்மொழி கடைக்குள் போனாள். அப்பனும் மகனும் முன்னிருக்கையில் ஏறி மறுபடி பாட்டை வைத்தார்கள். நான் டிக்கிப் பக்கம் நின்றிருந்தேன். ஸ்குரூ டிரைவர் அங்கேயே கிடந்தது.

(இந்த இடம்வரை வந்த பழைய பிரதிகளிலெல்லாம் இங்கே ‘பெரியவர்’ வருகிறார். ஒன்றில் அவர் கை தவறித் திருகின்மேல் படுகிறது. ஒன்றில் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.)

திருகியது நான். சிவப்புக் கோட்டைத் தாண்டி, திருகு முட்டி நிற்கும்வரை.

லூர்துமேரி பார்த்துவிட்டாள். “பெரியவருக்கும் தொழில் தெரியுமாட்டம் இருக்குது!”

“எட்டுநூறுன்னு எழுதியிருந்தா எட்டுநூறு தாங்கணும்” என்றேன். “எங்க வூட்டுக் கடைப் பொருளு.”

5

முதல் நிமிடம் நன்றாகவே இருந்தது. காரின் கதவுகள் அதிர்ந்தன. மாயவன் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, “இதுண்ணா இது!” என்று கத்தினான். அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நான்காவது நிமிடத்தில் நாற்றம் வந்தது. கிணற்று மோட்டாரில் காயில் கருகி அனுபவப்பட்டவர்களுக்கு அது தெரியும். ‘தும்’ போய் ‘கர்’ என்று தேய்கிற ஓசை வந்தது. பிறகு அதுவும் நின்றது. இருக்கைக்கு அடியிலிருந்து புகை கிளம்ப, இருவரும் குதித்து இறங்கினார்கள்.

“டூப்ளிகேட்டு!” என்றான் மாயவன். “சொந்தக்காரனுக்கே தள்ளி வுட்டுட்டயேம்மா.”

ஓடி வந்த தேன்மொழி முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினாள். அப்புறம் டிக்கியில் குனிந்தாள். கோட்டைப் பார்த்தாள், திருகு நிற்கிற இடத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை.

“சரக்கு நல்ல சரக்குதாங்க சின்ன மாமா. என் கைதான் தப்பிருச்சு. கெயினை ஏத்தி வெச்சுட்டேன்.”

லூர்துமேரி என் முகத்தைப் பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன்.

6

அதே சரக்கில் இன்னொன்றை எடுத்து, அதே கோட்டில் நிறுத்தி, அன்றைக்கே அவள் பொருத்திக் கொடுத்தாள். அது இன்றுவரை பாடுகிறது. ஆனால் பேச்சு மொரப்பூரிலிருந்து கிளம்பி பாலக்கோடு வரைக்கும் போய்விட்டது. பன்னிரண்டு வேன்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தச் சொல்லியிருந்த டிராவல்ஸ்காரர் நேரிலேயே வந்தார். “கை தப்பற ஆளுன்னு சொல்றாங்கம்மா. ஒயரு சமாச்சாரம். ஒண்ணும் நெனச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு கடைக்கு வண்டி வருவது குறைந்து, போன மாதம் இரண்டே இரண்டு.

இனி முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் ஸ்பீக்கர் போலி என்று தெரியவருகிறது. இரண்டாவது ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும்போது இதை எப்படி எழுதுவது?

இரண்டாவதில் பெரியவர் மருமகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்: “விடுங்க மாமா. உங்க பேரு போனா வூட்டுப் பேரே போயிரும். நாலு வண்டி நல்லா செஞ்சா என் பேரு தானா திரும்பிரும்.” அந்த நாலு வண்டி வரவில்லை.

மூன்றாவதில் பெரியவர் மொரப்பூருக்குப் போய்ப் பங்காளியிடம் உண்மையைச் சொல்கிறார். இதில் பாதி நடந்தது. இரண்டு முறை பஸ் ஏறினேன். முதல் முறை பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். இரண்டாவது முறை மாயவன் வீட்டில் உட்கார்ந்து காபியும் குடித்தேன்.

“என்னண்ணா இவ்ளோ தூரம்?”

“தக்காளி நாத்து விசாரிக்கலாம்னு வந்தேன்.”

“எத்தன ஏக்கருக்கு?”

“நாலு” என்றேன். எங்களிடம் தக்காளிக்கு இருப்பது இரண்டு.

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

7

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. அவள் கடை நிற்குமா என்பது வண்டி வைத்திருக்கிறவர்கள் கையில். இதை எழுத வேண்டாம் என்று தேன்மொழி சொன்னாள். அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பிறகு, இரண்டாவது தடவையாக அவள் பேச்சை மீறுகிறேன். முந்தைய பிரதிகளில் பெயர்களை மாற்றி வைத்திருந்தேன். இதில் எல்லாம் உண்மைப் பெயர்கள். அச்சில் வந்தால் மொரப்பூரிலும் படிப்பார்கள்.

ஒரு பேச்சை மட்டும் திருத்திவிட்டு எழுந்துகொள்கிறேன்.

நல்லம்பள்ளித் தேன்மொழி கை தப்பி ஸ்பீக்கரைக் கருக்கிவிட்டாள் என்கிறார்கள். இல்லை. அவள் வைத்த அளவு சரி. கருக்கியது அவள் மாமனார்.