ஒரு புள்ளி அதிகம்

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குண்ணே" என்றாள் தங்கை.

அண்ணன் தாளின் இரு முனைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றான். கட்டில் அகலத்துக்கு இருந்தது தாள். முழுக்கக் கறுப்பு. நடுவில் சூரியன்; சுற்றிக் கோள்கள், நிலாக்கள், இடையில் பொடிப்பொடியாகப் பாறைகள். ஒவ்வொரு புள்ளியும் எங்கோ யாரோ கண்விழித்துப் பார்த்து அளந்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்த கணக்கு. அதை எடுத்துப் பாதை இழுத்து, நிறம் பிரித்து வரைந்தவள் இவள். நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகும் விடவில்லை, படுத்தபடியே முடித்தாள். அச்சடிக்க வேறு எவன் கையிலும் கொடுக்க மாட்டேன், அண்ணன்தான் ஓட்டவேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவனும் முதல் தாள்களை மட்டும் ஓட்டிப் பார்த்து, அவள் சரி சொல்வதற்காகக் கொண்டுவந்திருந்தான்.

அவள் கையிலிருந்த லென்ஸ் தாளின் மேல் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"இது என்னுது இல்ல."

"எது?"

"வியாழனுக்கு இந்தப் பக்கம். வளையம் கட்டிக்கிட்டு நிக்குது பாரு. சனிக்குத் தம்பி பொறந்துட்டானா?"

"படுத்துக் கெடக்கறப்ப அந்தப் பேர எடுக்காதடி" என்றாள் மருந்துத் தம்ளரோடு வந்த அம்மா.

"அது பாவம்மா. அது பாட்டுக்குச் சுத்துது, யாரையும் புடிக்கல."

அண்ணன் குனிந்து பார்த்தான். தூசுதான். மெஷினில் மையைத் தாளில் பதிக்கும் ரப்பரில் ஒரு துணுக்கு ஒட்டினால் கறுப்பில் இப்படித்தான் வெள்ளை வளையம் விழும். வேறு வேலையென்றால் பளிச்சென்று காட்டிக் கொடுத்திருக்கும். இதில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டது.

"இத்தன ஆயிரத்துல ஒண்ணு கூடுனா எவன்டி எண்ணப்போறான்?"

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டுதான் பேசினாள். "இருக்கறத அவங்க பாத்து வச்சிருக்காங்க. இல்லாதத நாம வைக்கக் கூடாதுண்ணே. தொடச்சிடு."

"தொடச்சிடறேன் தாயே."

"சத்தியமா?"

"மெஷினு மேல சத்தியம்."

சிரிக்கப் போனவளை இருமல் பிடித்துக்கொண்டது.

அவன் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லென்ஸை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"விடமாட்டேங்கறாடா" என்றாள். அழவில்லை.

பாடையைத் தூக்கும்போது கனமே இல்லை. மீசை முளைக்கும் முன்பே காகிதக் கட்டுச் சுமந்து காய்த்துப் போன தோள் அவனுடையது. ஒரு கட்டுக்குக் காணமாட்டாள். அதுதான் அவனுக்கு ஆத்திரமாக வந்தது. சுமையென்றால் சுமை மாதிரி இருக்க வேண்டாமா?

மறுநாள் காலையே அச்சகத்துக்குப் போய்விட்டான். வீட்டில் உட்கார்ந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் எப்படிப் போனாள் என்று கதை சொல்ல வேண்டும். அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் தொப்பை என்று கூப்பிடும் கூட்டாளி அவள் வேலையைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நீ எதுக்குய்யா வந்த? நான் ஓட்டமாட்டேனா?"

அண்ணன் ஒரு தாளை உருவினான். வியாழனுக்கு இந்தப் பக்கம், வளையம் கட்டிய புள்ளி.

"தூசு இருக்கு."

"தெரியும்." தொப்பை அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "தெரிஞ்சேதான் விட்டேன். இருந்துட்டுப் போகட்டும்யா. அது தங்கச்சின்னு நெனச்சுக்க. யாருக்குத் தெரியப்போகுது?"

மெஷின் பாட்டுக்கு ஓடியது. தாளுக்குத் தாள் அந்தப் புள்ளி விழுந்துகொண்டே இருந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கினான். சத்தம் அடங்கியது. ரப்பரை ஈரத்துணியால் துடைத்தான், ஒருமுறைக்கு இருமுறை. வளையம் விழுந்த தாள்களை வாரிக் கழிவுக் கட்டின் மேல் போட்டான். தொப்பை குறுக்கே வரவில்லை.

"ஓட்டு."

புதுத் தாள் வந்தது. வியாழனுக்கு இந்தப் பக்கம் வெறும் கறுப்பு. அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தான். மை இன்னும் காயவில்லை.