எதிர்வீட்டுக் கிண்ணம்

பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும் ஃபீபியின் கண் அலமாரியில் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் போய் நின்றது. எதிர்வீட்டு நசீமுன்னிசா அக்காவின் கிண்ணம். நோன்பு தொடங்கிய அன்று சாயங்காலம் அதில் கஞ்சி வந்தது. இந்த ஒற்றை அறைக்கு அவள் குடிவந்த பிறகு, வீட்டுக்காரரைத் தவிர வேறொருவர் வந்து கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

காவேரிப்பாக்கத்தில் அம்மா யார் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டாள். ஒரு கை முருங்கைக் கீரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். ஆம்பூரில் ஷூ கம்பெனி கேண்டீனிலேயே வயிற்றைக் கழுவுகிற ஃபீபி எதைப் போட்டுக் கொடுப்பாள்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து கேசரி கிண்டினாள். அடிபிடித்துவிட்டது. வழித்துக் கொட்டும்போது அழுகை வந்தது, கேசரிக்காக அல்ல. அடுத்த ஞாயிறு ஓவர்டைம். கிண்ணம் அலமாரியிலேயே இருந்தது. கஞ்சியும் நின்றுபோனது. சாயங்காலமானால் அக்காவின் செருப்புச் சத்தம் மாடியில் மற்ற வீடுகளுக்கெல்லாம் போகும்; இவள் வாசலை மட்டும் தாண்டிப் போகும்.

இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், உட்கார ஆளில்லாததால், துவைத்த துணி குவிந்து கிடந்தது. ஃபீபி கட்டிலோரம் முழங்காலிட்டாள். "ஆண்டவரே, அவங்க மனசுல என்மேல கசப்பு வேணாம்."

ஆமென் சொல்லி எழுந்து கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ தட்டினார்கள். முக்காட்டை இழுத்துவிட்டபடி நசீமுன்னிசா நின்றிருந்தார்.

"இன்னா ஃபீபி, கஞ்சி புடிக்கலியா? உப்பு ஜாஸ்தியா? சொல்லிடும்மா, மனசுல வெச்சிக்காத."

"ஐயோ, இல்லக்கா! கிண்ணத்த வெறுமனே எப்டிக் குடுக்கறதுன்னுதான்... கேசரி கிண்டினேன். தீஞ்சிபோச்சு."

நசீமுன்னிசா அவளையே பார்த்தார். பிறகு சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"தீஞ்சதையே குடுத்திருக்கலாமே! எங்க வீட்டுக்காரரு தெனம் என் கையால அதத்தான தின்றாரு!"

ஃபீபியும் சிரித்துவிட்டாள். தன் சிரிப்பு இந்த அறையில் எப்படிக் கேட்கும் என்பது அவளுக்கே இன்றுதான் தெரிந்தது.

"கிண்ணம் வரலியேன்னு நானும் பேஜாராயிட்டேன். புடிக்காதவங்களுக்கு எப்டி ஊத்தறதுன்னு" என்றார் அக்கா. "குடு இப்டி. காலியா இருந்தாதான ஊத்த முடியும். பாங்கு சொல்றதுக்குள்ள கொண்டாந்துர்றேன்."

ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். நோன்பு திறக்க வீட்டில் ஆட்கள் காத்திருப்பார்களே என்று விட்டுவிட்டாள்.

எதிர்வீட்டில் கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. ஃபீபி கதவைச் சாத்தவில்லை. நாற்காலித் துணியை அள்ளிக் கட்டிலில் போட்டாள். துப்பட்டா நுனியால் நாற்காலியைத் துடைத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.