அம்மா பேர் இருந்த தாள்

என் அம்மா மட்டுவார்குழலியின் பெயர் உலகத்திலேயே ஒரே ஒரு கல்லில்தான் இருக்கிறது. பினாங்கில், ஒரு சீனக் கோயில் வாசலில் நிற்கிற கல். அந்தக் கோயிலைக் கட்டும்போது மண் சுமந்த அம்மா, சாரத்திலிருந்து விழுந்து செத்தாள். எனக்கு அப்போது இரண்டு வயது. பணம் கொடுத்தவர், பாடுபட்டவர் எல்லோர் பெயரையும் சீன எழுத்தில் கல்லில் வெட்டி நிறுத்துவது அந்தக் கோயில்காரர்கள் வழக்கமாம். கூலிக்காரிதானே என்று அவளை விட்டுவிடவில்லை. இங்கே ஸ்ரீரங்கத்தில் மதில் மதிலாகக் கல்வெட்டு இருக்கிறதே, மண் சுமந்த ஒருத்தி பெயரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, துணியால் மையை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து விழும். அப்படி எடுத்த தாளை அப்பா கப்பலில் கொண்டுவந்தார். எந்த எழுத்து அம்மா என்று விரல் வைத்துக் காட்டினார். அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. எடமலைப்பட்டி புதூர் வீட்டுச் சுவரில் அதை மாட்டி, திவசத்தன்று பூ வைப்பேன்.

அறுபத்திரண்டு நவம்பர். சீனாவோடு சண்டை. தெருமுனையில் சீனச் சாமான்களைக் கொளுத்தப் போகிறார்கள் என்றார்கள். என் வீட்டுக்காரர் நல்லுசாமி வேலை பார்த்த மில்லின் மேனேஜரும் வருகிறாராம். இவருக்கோ சூப்பர்வைசர் ஆகிற ஆசை. எங்கள் வீட்டில் சீனச் சாமான் ஏது? ஒரு பீங்கான் கோப்பைகூடக் கிடையாது. சுவரைப் பார்த்தார்.

"ஐயோ, அது எங்கம்மாங்க!" கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சீன எழுத்த வீட்ல வச்சிருந்தா புடிச்சு உள்ள போட்ருவான். சும்மா இரு."

உதறிவிட்டுப் போனார். பின்னாலேயே ஓடினேன். தாளை விரித்து நாலு பக்கமும் காட்டினார். கைதட்டினார்கள். நெருப்பில் போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேனேஜர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். பாவி மனுஷன், சோறு போடச் சொல்லி உட்கார்ந்தார். போட்டேன். இரண்டு கவளம் உள்ளே போனதும் மனசு இளகிவிட்டதாக்கும்.

"அழாத வள்ளிக்கண்ணு. காகிதம்தானே? கல்தச்சன்கிட்ட சொல்லி, கல்லுல நம்ம தமிழ்லயே வெட்டித் தரச் சொல்றேன்." மோரை ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஆமா, உங்கம்மா பேரு என்ன?"

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒவ்வொரு திவசத்துக்கும் வடை கேட்டு வாங்கித் தின்றவர்.

"எனக்கும் மறந்துபோச்சுங்க" என்றேன்.