ஆட்சேபணை யாரும் சொல்லவில்லை

ஐரோப்பாவில் ஒரு மின்கம்பிக்குக் கிடைக்கிற மரியாதை சிதம்பரத்தில் கயல்விழிக்குக் கிடைக்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து உட்காரும்போதெல்லாம் அந்த எரிச்சல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

புதுச்சேரிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. அந்தக் கம்பெனி ஐரோப்பாவின் மின் தொடரமைப்பு நிறுவனங்கள் சிலவற்றுக்குப் பின்கட்டு வேலை பார்க்கிறது. அங்கே நாட்டுக்கு நாடு வேறு நிறுவனம், வேறு பாஷை. கம்பிகள் மட்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. பிரான்சுக்காரர்கள் மராமத்துக்காக ஒரு பெரிய லைனை நிறுத்தினால், அதில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சும்மா உட்கார்ந்திருக்காது. பெல்ஜியத்தையும் ஜெர்மனியையும் சுற்றிக்கொண்டு போகும். அவர்கள் லைன் தாங்கவேண்டும். அதனால் எந்த லைனுக்கு எந்த வாரம் ஓய்வு என்று முன்கூட்டியே அக்கம்பக்கத்து நாடுகளுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். முடியாது என்கிறவர்கள் கெடுவுக்குள் சொல்லவேண்டும். கெடு தாண்டியும் பேச்சில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம். கயல்விழியின் மேசையில் அதுதான் நடைமுறை. சம்மதங்களைச் சேகரிப்பாள், மோதுகிற தேதிகளைப் பிரித்து வைப்பாள். இத்தனை வருஷத்தில் எந்த நாட்டுக்காரரும் 'உன் கம்பிக்கு எதற்கு ஓய்வு, என்ன கேடு அதற்கு' என்று கேட்டு அவள் பார்த்ததில்லை.

மேசைக்குப் பக்கத்திலேயே அம்மாவின் கட்டில். தில்லையம்மாளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. புத்தி மட்டும் துளி மங்கவில்லை. போன பலமெல்லாம் இடது கையில் வந்து சேர்ந்துவிட்டது போலிருக்கும். பயம் வந்தால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், யார் இழுத்தாலும் விடமாட்டாள். பிசியோதெரபிக்கு வந்த பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். விரல்களோடு மல்லுக்கட்டக் கூடாது, மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினால் பிடி தானாகத் தளர்ந்துவிடும். அதைக் கற்றுக்கொண்டவள் கயல்விழி மட்டும்தான். மற்றவர்கள் கற்றுக்கொள்கிற அளவுக்கு அந்த அறையில் நின்றதே இல்லை.

மற்றவர்கள் என்றால் இரண்டு பேர். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிற அண்ணன் இளவரசு. வடலூரில் வாக்கப்பட்ட அக்கா மலர்க்கொடி. கயல்விழிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா விழுந்தாள். பார்ப்பது அத்தோடு நின்றது. நிறுத்துகிறோம் என்றும் யாரும் சொல்லவில்லை. துணைக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்றாலோ அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"பெத்த தாயக் கூலி ஆளு கையில குடுக்கறதா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

அந்த நாலு பேரில் ஒருவர்கூட வந்து அம்மாவுக்கு ஒரு வாய் சோறு ஊட்டியதில்லை. அண்ணனும்தான். வருஷத்துக்கு இரண்டு முறை தேர் நான்கு வீதியையும் சுற்றி நிலைக்கு வந்துவிடுகிறது. கயல்விழியால் கீழவீதி மருந்துக்கடையைத் தாண்ட முடிவதில்லை. அங்கேயும் கியூ நின்றால் பாதியிலேயே வீட்டுக்கு ஓடிவருவாள், அம்மா எதைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாளோ என்று.

இப்படி இருக்கையில்தான் ஜெர்மனியில் ம்யூனிக்கிலிருக்கிற மின் அலுவலகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு மாதம் அங்கே வந்து வேலை பார், சரிப்பட்டால் அங்கேயே இருந்துகொள்ளலாம் என்றார்கள். தேதியைத் தள்ளிப்போட முடியாது. அவள் வரவில்லை என்றால் ஹைதராபாத்காரர் ஒருவர் தயாராக இருந்தார். கயல்விழி அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. இதை விட்டால் இந்த அறையிலேயே கிழவியாகிவிடுவோம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

தெரிந்த வேலையைத் தெரிந்த விதமாகவே செய்தாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்:

"அண்ணா, அக்கா, ஜூலை பத்துலேருந்து ரெண்டு மாசம் நான் வேலையா ஜெர்மனி போறேன். மொத மாசம் அம்மா கடலூர்ல, அடுத்த மாசம் வடலூர்ல. ஆட்சேபணை இருந்தா ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி சரின்னு எடுத்துக்கறேன்."

இரண்டு பேரும் படித்துவிட்டதாக நீல டிக் விழுந்தது. மறுநாள் அண்ணன் ஒரு சாமி படத்தைப் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அக்கா, பண்ருட்டிப் பலாப்பழம் நல்லதாக வந்திருக்கிறது, யாருக்காவது வேண்டுமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து போயிற்று. ஆட்சேபணை யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை விசாவுக்கு எழுதிப்போட்டாள்.

ஆனித் திருமஞ்சனத் தேருக்கு அண்ணனும் அண்ணி அமிர்தமும் வந்தார்கள். வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள். கூடத்தில் புதுப் பெட்டி நின்றது. அண்ணன் அதைச் சுற்றிப் பார்த்து, சக்கரத்தை உருட்டிக்கூடப் பார்த்தார்.

"நல்ல பொட்டியா இருக்கே. எங்க வாங்குன?"

"பாண்டிலண்ணே."

"வெல ஜாஸ்தியா சொல்லியிருப்பானே" என்றபடி கை கழுவப் போய்விட்டார். பெட்டி எதற்கு என்று கேட்கவில்லை. தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்று கயல்விழி நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்கு அண்ணன்மீது பிரியம்கூட வந்தது. வியாழக்கிழமை காலை அம்மாவை அழைத்து வருகிறேன் என்று குழுவில் மறுபடி எழுதினாள். அதற்கும் நீல டிக் விழுந்தது.

வியாழக்கிழமை வாடகை வண்டிக்காரன் தங்கராசுவின் வேனில் அம்மாவைப் படுக்க வைத்து, தண்ணீர் மெத்தை, மருந்துப் பை, தன் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அம்மாவை இறக்கிவிட்டு அதே வண்டியில் சென்னை, ராத்திரி விமானம் என்று ஏற்பாடு. புதுச்சத்திரம் தாண்டியதும் ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

திருப்பாதிரிப்புலியூரில் அண்ணன் வீட்டு வாசலில் கிரில் கேட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. தங்கராசுவும் அவளுமாக அம்மாவைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். வெயிலுக்கு அம்மா கண்ணைச் சுருக்கினாள். அழைப்பு மணியை அழுத்தியதும் அமிர்தம் வந்தாள். கிரில் கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள்.

"என்ன கயலு, அத்தைய அலைய வச்சிருக்க?"

"இன்னிக்கித்தான அண்ணி நான் கெளம்பறேன். குரூப்புல போட்டிருந்தேனே."

"போட்டிருந்த, பாத்தோம். நாங்க எப்போ சரின்னு சொன்னோம்?"

"வேணாம்னு சொல்லலியே அண்ணி."

அமிர்தம் அவளை உண்மையாகவே புரியாமல் பார்த்தாள். "வேணாம்னு யாராச்சும் வாயத் தெறந்து சொல்லுவாங்களா? பெத்த தாய மாட்டேன்னு எழுதிப்போட முடியுமா ஒங்கண்ணனால? பேசாம இருந்தமே, அதுலயே தெரிய வேணாம்? நீயும் இந்த வீட்டுல பொறந்தவதான?"

கயல்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. வரன் பார்ப்பது நின்றது, அண்ணன் சாமி படம் போட்டது, அக்கா பலாப்பழம் வேண்டுமா என்று கேட்டது, பெட்டியை உருட்டிப் பார்த்தது எல்லாமே பதில்கள்தான். தெள்ளத் தெளிவாக, ஒன்றுக்கு நான்காக ஆட்சேபணை சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பாக்காரர்களோடு பழகிப் பழகிச் சொந்த வீட்டுப் பாஷை அவளுக்கு மறந்துபோயிருக்கிறது. அவளுக்குத் தன்னை நினைத்தே அசிங்கமாக இருந்தது.

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் பேசினார். கீழே குளியலறை இல்லை, மாடிக்கு அம்மாவைத் தூக்க முடியாது, பையன் பிளஸ் டூ, அமிர்தத்துக்கு இடுப்பு வலி. ஒன்றும் பொய்யில்லை, அதுதான் கொடுமை. கயல்விழி அக்காவுக்குப் போன் அடித்தாள். அடித்து அடித்து நின்றது. பிறகு கும்பிட்ட கை ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது.

எதிர்வீட்டில் ஒரு பெண் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"தெருவுல வச்சி மானத்த வாங்காத கயலு. இந்த வருசம் வேணாம்னு எழுதிப்போடு. அடுத்த வருசம் பாக்கலாம். தங்கராசு, அம்மாவ வண்டில ஏத்துப்பா."

கயல்விழிக்குச் செய்ய என்ன இருக்கிறது? அம்மாவைத் தெருவில் போட்டுவிட்டா போவாள்? ஹைதராபாத்காரர் இந்நேரம் பெட்டி வாங்கக் கிளம்பியிருப்பார். மறுபடி அந்த மேசை, அந்தக் கட்டில், மருந்துக்கடை கியூ. மெத்தையை மறுபடி வண்டியில் விரிக்கப் போனாள்.

"அக்கா, இங்க பாருங்க" என்றான் தங்கராசு.

அம்மா இடது கையால் அண்ணன் வீட்டு கிரில்லைப் பிடித்திருந்தாள். தங்கராசு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். நாற்காலிதான் நகர்ந்தது, கை நகரவில்லை. புறங்கையில் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

கடலூரைக் கேட்டாள், வடலூரைக் கேட்டாள், கெடு வைத்துக் கேட்டாள் கயல்விழி. அம்மாவைக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இது என்ன பதில் என்றும் இப்போது விளங்கவில்லை. பிள்ளை வீட்டில் இருக்க ஆசையா? பயத்தில் பிடித்த பிடியா? அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். வழக்கமாகப் பயந்தால் அந்தக் கண் கயல்விழியைத்தான் தேடும். இப்போது அது அவளைத் தாண்டி, வண்டிக்குள் நின்ற புதுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விடும்மா, விடு" என்று அண்ணன் குனிந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். சுண்டுவிரலைப் பிரித்தால் ஆள்காட்டி விரல் இறுகியது. வியர்த்துவிட்டது அவருக்கு.

"கயலு, இது எப்படிடி எடுக்கறது? ஒனக்குத்தான தெரியும்?"

மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினால் போதும். ஒரு நொடி வேலை. கயல்விழி மருந்துப் பையையும் தண்ணீர் மெத்தையையும் எடுத்துவந்து கிரில்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒன்னத்தான் கேக்கறேன். எப்படி எடுக்கறது, சொல்லு."

அவள் அம்மாவின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். நெற்றி வெயிலில் சுட்டது. வெயில் படாதபடி தன் துப்பட்டாவை எடுத்து அம்மாவின் தலையில் போட்டாள்.

"கயலு!"

முடியாது என்று அவள் சொல்லவில்லை. போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். முதலில் புரிந்தது அமிர்தத்துக்குத்தான்.

"ஏங்க, அவ போறாங்க" என்று அவள் கத்தினாள்.

தங்கராசு சாவியைத் திருகிவிட்டுத் தயங்கினான். "எங்கக்கா? சிதம்பரமா?"

"மெட்ராசு" என்றாள் கயல்விழி. சொல்லும்போதே அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

தெருமுனையில் வண்டி திரும்புகிறவரை அவள் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் இன்னும் குனிந்துதான் இருந்தார். ஒரு விரலைப் பிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள், பிரித்த விரல் மறுபடி கிரில்லைப் பிடித்துக்கொண்டது.